ஒரு மணி நேரத் தண்ணீர்

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஒருநாள், கடிகாரங்களையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு வந்தது. வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க என்று ஒருவர் சொன்னார். ஜப்பான்காரன் நேரம் தெரியாமல் ஏமாந்து போவான் என்று இன்னொருவர் சொன்னார். எங்கள் ஊரில் கடிகாரம் வைத்திருந்தது மாதா கோயில் உபதேசியார் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் செஞ்சியிலிருந்து சைக்கிளில் வந்து பூசை வைக்கும் சாமியார் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் முள்ளைத் திருப்பி வைத்தார். மறுநாள் திங்கட்கிழமை, சூரியன் உச்சிக்கு வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே கோயிலில் மத்தியான மணியை அடித்தார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். இப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதினால் முகம் பார்க்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கழனியில் நின்றால் ராஜாகிரி மலையும் அதன் மேல் கோட்டைச் சுவரும் தெரியும். எங்கள் வீட்டுக்கும் என் மூத்தார் வீட்டுக்கும் ஒரே கிணறு. மூத்தார் என்பது என் புருஷனின் பெரியப்பா மகன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மூத்தார் முன்னால் தம்பி பெண்சாதி வாய் திறக்கமாட்டாள். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவர் என் குரலைக் கேட்டதில்லை. அவர் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். என் சுபாவத்துக்கு அந்த வழக்கம் வசதியாகவே இருந்தது.

அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி, எனக்கு நேர் எதிர். அவர் கிணற்றடியில் பேசினால் கோயில் வாசலில் கேட்கும்.

கிணற்றில் கவலை. இரண்டு மாடு பூட்டி, சரிவில் இறக்கி, தோல் சாலில் தண்ணீர் இறைப்பது. பாகம் பிரித்தபோது பெரியவர்கள் பத்திரத்தில் முறை எழுதி வைத்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து மத்தியான மணி வரை ஒரு வீடு. மணி அடித்ததிலிருந்து இருட்டும் வரை மற்ற வீடு. வாரத்துக்கு வாரம் மாறிக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாடுகளுக்கும் ஓய்வு. அதற்கு முன்னெல்லாம் கிணற்று மேட்டில் இருந்த கல்லின் நிழலைப் பார்த்துத்தான் மாற்றினார்களாம். மூட்டம் போட்ட நாளில் நிழல் இல்லாமல் சண்டை வந்ததால், சண்டையே வரக்கூடாது என்று கோயில் மணியை எழுதினார்கள்.

இப்போது மணி முன்னால் போய்விட்டது. விடியலும் இருட்டும் அப்படியே இருந்தன. காலை முறைக்காரருக்கு ஒரு மணி நேரம் குறைந்தது. மத்தியான முறைக்காரருக்கு ஒரு மணி நேரம் கூடியது. அந்த வாரம் காலை முறை மூத்தாருடையது.

ஆவணி மாதம். மழை இல்லை. கிணற்றில் ராத்திரி ஊறும் தண்ணீர்தான். இரண்டு கழனியிலும் கேழ்வரகு கதிர் விட்டு நின்றது. அரிசி கிடைக்காத காலம் அது. இரண்டு வீட்டுக்கும் அந்தக் கேழ்வரகுதான் தை மாதம் வரை சாப்பாடு.

திங்கட்கிழமை மணி அடித்ததும் மூத்தாரின் மாடுகள் சரிவின் பாதியில் நின்றுவிட்டன. வருஷக்கணக்காக அந்த மணிக்கு அவிழ்த்துவிட்டுப் பழகிய மாடுகள். மூத்தார் கல்லின் நிழலைப் பார்த்தார்.

"இன்னாடா, உபதேசியாருக்கு இன்னிக்கிச் சீக்கிரமே பசி வந்துடுச்சா?"

"சர்க்கார் மணிண்ணா. இனிமே இப்டித்தான்," என்றார் என் புருஷன்.

"சர்க்காரு சூரியனையும் தள்ளி வெச்சிட்டானா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பத்திரத்துல மணின்னுதான் இருக்குது."

மூத்தார் சிரித்துக்கொண்டே மாட்டை அவிழ்த்தார். செவ்வாய்க்கிழமை அவிழ்க்காமல் நாலு சால் கூட இறைத்தார். புதன்கிழமை பத்து சால். என் புருஷன் மாடுகளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றபடி ஒவ்வொரு சாலையும் எண்ணினார். வியாழக்கிழமையிலிருந்து இருவரும் பேசுவதை நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் கூழ் ஊற்றும்போது நான் சொன்னேன், "அடுத்த வாரம் நமக்குக் காலை முறை. அப்போ நமக்கு ஒரு மணி போகும், அவங்களுக்கு வரும். ரெண்டு வாரத்துல சரியாப் போயிடுமே."

"தெரியும்," என்றார்.

அவருக்குத் தெரியும். மூத்தாருக்கும் தெரியும். துணி துவைக்கும் இடத்தில் அக்காவே என்னிடம் அதைச் சொன்னார்: "ஒரு வாரம்டி. ஒரே வாரம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தா சரியாப் போவுது. இந்த ஆம்பளைங்களுக்கு அது கூடப் புரியல பாரு." எல்லோருக்கும் புரிந்துதான் இருந்தது. பிற்காலத்தில், சண்டை என்பது ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாததால் வருகிறது என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வியாழக்கிழமைதான் ஞாபகம் வரும்.

சனிக்கிழமை. அந்த முறையின் கடைசி நாள். நான் கூழ்ச் சட்டியோடு கிணற்று மேட்டுக்கு வந்தபோது மணி அடித்தது. அக்கா கிணற்றுக்கு அந்தப் பக்கம், அவர்கள் வாய்க்காலில் நின்றிருந்தார். மூத்தாரின் மாடுகள் வழக்கம்போல நின்றன. அவர் தார்க்குச்சியால் குத்தினார். மாடுகள் நகரவில்லை. திரும்பத் திரும்பக் குத்தினார். ஒரு மாட்டின் தொடையில் ரத்தம் கோடு போட்டது.

"மாட்டுக்குத் தெரியுதுண்ணா," என்றார் என் புருஷன். "உனக்குத்தான் தெரியல."

மூத்தார் தார்க்குச்சியோடு திரும்பினார். "இன்னாடா சொன்ன? மாட்டுக்கும் கீழயா போயிட்டேன் நானு?"

"நான் சொல்லல. மாடு சொல்லுது."

"யாரு மேட்டுல நின்னு யார்ரா பேசற? எங்க நைனா வெட்டின கெணறுடா இது!"

"எங்க நைனா இன்னா வேடிக்கை பாத்துக்கினு நின்னாரா?"

மூத்தார் தார்க்குச்சியை ஓங்கிக்கொண்டு நெருங்கினார். என் புருஷன் கையில் மடை திருப்பக் கொண்டுவந்த மண்வெட்டி இருந்தது. அதைத் தூக்கினார். தூக்கிவிட்டு நின்றார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அடிக்கிற முகம் இல்லை அது. யாராவது பிடித்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்கிற முகம். மூத்தாரும் ஓங்கிய குச்சியோடு அப்படியேதான் நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இருவரும் வாயால் திட்டிக்கொண்டே கையை இறக்கியிருப்பார்கள் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

"போடுங்க ஒண்ணு!" என்றேன்.

நான்தான் சொன்னேன். மூத்தார் முன்னால் ஏழு வருஷமாகத் திறக்காத வாய். சொன்னதுகூட இல்லை, கத்தினேன். மண்வெட்டி இறங்கியது. அதன் பின்பக்கம் மூத்தாரின் இடது காதில் விழுந்தது. அவர் உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் வந்து தோளில் இறங்கியது. என் புருஷன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அண்ணா, அண்ணா," என்று அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அக்கா கிணற்றைச் சுற்றி ஓடிவந்தார். மாடுகள் நின்ற இடத்திலேயே நின்றன. பாதி நிரம்பிய சால் கிணற்றின் நடுவில் தொங்கியது.

அவரை வண்டியில் படுக்கவைத்து முதலில் செஞ்சிக்கும், அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் நினைவில்லை. பிழைக்கமாட்டார் என்றே பேசிக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள்தான் ஊருக்குத் திரும்பினார்.

அந்த ஒன்பது நாளும் யாரும் கவலை பூட்டவில்லை. அவர்கள் வீட்டில் ஆள் இல்லை. எங்கள் வீட்டில் மாட்டைத் தொட என் புருஷனுக்குக் கை வரவில்லை. நான் தினமும் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். இறைக்காத கிணற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அவ்வளவு தண்ணீரை அந்த வருஷம் நாங்கள் பார்த்ததில்லை. நாலாவது நாள் உள்படிக்கட்டில் ஏழு படி முழுகியிருந்தது. மேலே இரண்டு கழனியிலும் கதிர் வெளுத்துப்போய், தொட்டால் பதராக உதிர்ந்தது. குடத்தில் மொண்டு ஊற்றக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று அந்தக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். மூத்தார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. என் முதல் பிரசவத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவரே அவர்தான். தண்ணீர் கூடக் காரணம் இல்லை. அன்றோடு அந்த முறை முடிகிறது. யோசித்து யோசித்து எனக்குக் கிடைத்தது ஒன்றுதான். ஆறு நாளாக அந்தச் சண்டை இதோ வருகிறது, இதோ வருகிறது என்று நின்றது. வீட்டில் பேச்சு இல்லை, தூக்கம் இல்லை. எனக்கு அலுத்துவிட்டது. எப்படியாவது முடிந்துவிட வேண்டும், இந்த நிமிஷமே முடிய வேண்டும் என்று இருந்தது. அடித்தால் முடியும் என்று தோன்றியது.

பெரிய யுத்தங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அந்த நாட்களில் பேப்பர் படித்தவர்கள் கடைத்தெருவில் பேசுவார்கள்: இந்த ஒரு யுத்தத்தோடு எல்லாம் முடிந்துவிடும், அதற்காகத்தான் இவ்வளவும். அதைக் கேட்கும்போது மட்டும் எனக்கு ஏதோ தெரிந்த பேச்சாக இருக்கும். மனுஷனுக்குள் மிருகம் இருக்கிறது என்கிறார்கள். எங்கள் மிருகங்கள் மணி அடித்ததும் நின்றன.

மூத்தார் திரும்பி வந்ததும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் விசாரணை வைத்தார் சாமியார். கிராம மணியக்காரர் போலீசுக்கு எழுதத் தயாராக நின்றார். மூத்தாருக்கு நாற்காலி போட்டிருந்தது. தலையில் கட்டு. இடது காது போய்விட்டது, இனி கேட்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பிராது கொடுக்கிறாயா?" என்று சாமியார் கேட்டார்.

மூத்தார் வலது காதைக் காட்டித் திரும்பி, இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். "பிராது குடுத்தா அவன் ஜெயிலுக்குப் போயிடுவான் சாமி. அவன் போயிட்டா ரெண்டு கழனிக்கும் கவலை ஓட்றது யாரு? இந்தத் தலைய வெச்சிக்கினு நானா?"

சிலர் சிரித்தார்கள். என் புருஷன் தலை குனிந்து அழுதார். மூத்தார் தேறி எழும் வரைக்கும் அவர் கழனிக்கும் சேர்த்து என் புருஷன்தான் இறைக்க வேண்டும் என்று முடிவானது. அதோடு முடிந்திருக்கும். அந்தச் சனிக்கிழமை பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தார்.

"சாமி, ஒண்ணு போடுன்னு பொம்பள கொரல் ஒண்ணு கேட்டுச்சி. அதுக்கப்புறந்தான் அடி வுழுந்துச்சி. தூண்டிவுட்டது யாருன்னும் கேளுங்க."

கூட்டத்தில் ஒருவர் கூட என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

நான்தான் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னால், புருஷனைத் தூண்டிவிட்டு மூத்தாரின் காதைப் போக்கியவள் என்ற பேர் சாகும்வரை நிற்கும். மணியக்காரர் வேறு நின்றிருந்தார். நான் பெண்கள் கூட்டத்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். என் புருஷன் நிமிர்ந்து என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"இன்னா எல்லாரும் என்னியே பாக்கறீங்க?" என்றார் அக்கா. "ஆமா சாமி. கத்தினேன். எங்க வூட்டுக்காரருகிட்ட கத்தினேன். என் வாயிதான் ஊருக்கே தெரியுமே."

மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முழுவதும் பீடத்துக் கிராதிக்கு முன்னால் முழந்தாளில் நிற்க வேண்டும் என்று சாமியார் அவருக்குத் தண்டனை சொன்னார். மூன்று வாரமும் அக்கா நின்றார். நான் நாலு வரிசை பின்னால் பாயில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்தேன். முழந்தாளை மாற்றி மாற்றி வைப்பார். என்னைக் காப்பாற்றத்தான் அவர் பழியை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது இன்னும் கனமாக இருந்தது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, கோபப்பட்டேன் என்று மட்டும் சொன்னேன். கத்தினேன் என்று சொல்லவில்லை.

அந்த வருஷம் இரண்டு வீடும் கிழங்கும் கீரையும் தின்று தள்ளினோம். மணி சர்க்கார் நேரத்திலேயே அடித்தது. அதற்குப் பிறகு அதைப் பற்றிச் சண்டை இல்லை. ஒரு வாரம் அவர்களுக்குக் குறைந்தது, ஒரு வாரம் எங்களுக்குக் குறைந்தது.

என் தம்பி பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போயிருந்தான். யுத்தம் முடிந்து திரும்பி வந்தான். "யாரையாவது சுட்டியாடா?" என்று கேட்டேன். "சமையக்கட்டுல இருந்தேன்க்கா. வெங்காயம் உரிச்சேன். எதிரின்னு ஒருத்தனக்கூடக் கண்ணால பாக்கல," என்றான். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் வந்த மாதம்தான் நான் முதலில் என் புருஷனிடம் கேட்டேன். அவர் தொழுவத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துதா?"

"வுழுந்துச்சி."

"நான் சொல்லலன்னா?"

"எறக்கியிருப்பேன்னு ரொம்ப நாளு நெனச்சிக்கினு இருந்தேன். உம்மேல போட்டுட்டா எனக்குச் சொலபம் பாரு." மாட்டின் கழுத்தைத் தடவினார். "நெசமாத் தெரியல. தூக்கினது நான்தான?"

அந்த வாரமே அக்காவிடமும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவர்கள் களத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்ந்துகொண்டிருந்தோம். செடியை உதறி, காயைப் பிடுங்கி, கூடையில் போடுவது. தலை நிமிர வேண்டியதில்லை என்பதால் அந்த வேலையின் நடுவில் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு ஒண்ணு போடுங்கன்னு கத்தினது நானு. நீங்க எனக்காக மூணு வாரம் முட்டி போட்டீங்க. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

அக்காவின் கை நின்றது.

"உனக்காகவா? உனக்காக நான் ஏன்டி முட்டி போடறேன்?"

"என்னக் காப்பாத்தத்தானே..."

"அய்ய! நான் கத்தினேன்டி. நெசமாவே கத்தினேன். போடுய்யா ஒண்ணுன்னு எங்க வூட்டுக்காரரப் பாத்துக் கத்தினேன். அவரு குச்சிய ஓங்கிட்டு மசமசன்னு நின்னாரு, எனக்குப் பத்திக்கினு வந்துச்சி." என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயும் கத்தினியா? அதே நேரத்துலயா? உனக்குக் கொரல் கூட இருக்குதா?"

"எனக்கு உங்க குரல் கேக்கலக்கா."

"எனக்கும் உன்து கேக்கல."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் காய் ஆய்ந்தோம். கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இருவரும் முன்பு துணி துவைக்கும்போது ஒரே வாரம்தானே என்று பேசிக்கொண்டவர்கள். இவ்வளவு நாள் என் ஒரு சொல்தான் அதைச் செய்தது என்று சுமந்துகொண்டிருந்தேன். அது இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அந்தக் கிணற்றடியில் நின்ற நாலு பேரில் வேண்டாம் என்று சொல்ல ஒருவர் கூட இல்லாமல் போனோமே என்றுதான் இருந்தது.

"அப்போ என் பங்கு?" என்று கேட்டேன்.

"உன் பங்க நீயே போய் முட்டி போடு. என்னுத நான் தீத்துட்டேன். எனக்கு இன்னும் முட்டி வலி போவல."

வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை ஆரம்பிக்கும்போது எழுந்து, பெண்கள் வரிசையைத் தாண்டி, கிராதிக்கு முன்னால் போய் முழந்தாளில் நின்றேன். முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்பு கேட்டது. சாமியார் மாறி வந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. என்ன வேண்டுதலோ என்று நினைத்திருப்பார். எனக்கு முகம் எரிந்தது. எழுந்து போய்விடலாம் என்று நூறு முறை தோன்றியது.

பூசை முடிந்து வாசலுக்கு வந்தபோது மூத்தார் தன் வலது பக்கம் நின்ற என் புருஷனிடம் கேட்டார், "இன்னாடா, அது எதுக்கு முட்டி போட்டுச்சி?"

என் புருஷன் என்னைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு, மூத்தாரின் வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்றேன்.

"அன்னிக்குக் கெணத்து மேட்டுல நானும்தான் கத்தினேன் மாமா," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, வழக்கப்படி பார்க்கக்கூடாது. கோயில் படியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை தானாக இடது காதுக்குப் போய்த் திரும்பியது. பிறகு என் புருஷனிடமே, "வெயில் ஏறுது. போலாம்," என்று சொல்லிவிட்டு நடந்தார். மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

அக்கா என்னோடு நடந்தார். "ஒண்ணு ஆச்சி," என்றார். "இன்னும் ரெண்டு இருக்குது. தப்பிக்கலாம்னு பாக்காத."

நான் அந்த இரண்டு வாரமும் நின்றேன்.